ஏழு டம்மி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பி.பி. 138/86. நடை பத்து நிமிடம். மாத்திரை ஏழு. கவலை: இல்லை.

இந்த நோட்டு என் யோசனை அல்ல. பைபாஸ் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஷைனி சிஸ்டர் கையில் திணித்துவிட்டார். தினமும் பி.பி., நடை, மாத்திரை மூன்றையும் எழுத வேண்டுமாம். மனதில் கவலை ஏதும் இருந்தால் நாலாவதாக அதையும் எழுத வேண்டுமாம். முப்பத்தொரு வருஷமாகக் கோயம்புத்தூரில் டாக்ஸி ஓட்டுகிறேன், ட்ரிப் ஷீட்டைத் தவிர எதையும் எழுதியதில்லை. மலையாளத்துப் பெண் அவ்வளவு அன்பாகச் சொன்னதை எப்படித் தட்டுவது என்று வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் வண்டி ஓட்டக்கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கணபதி பகுதியில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் என் கார் நிற்கிறது. அதுவும் சீக்குதான். காலையில் ரேடியேட்டரில் ஒரு சொம்பு போர் தண்ணீர் ஊற்றினால், மாலைக்குள் அது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பேசினுக்கு வந்துவிடுகிறது. பேசின் வைத்தது என் மனைவி மரகதம். இதயமும் இன்ஜினும் ஒன்று என்று இனி யாராவது வந்து சொன்னால் அடிப்பேன். பார்க்க வந்த ஸ்டாண்டுக்காரர்கள் பதினோரு பேரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பி.பி. 142/88. நடை பன்னிரண்டு நிமிடம். கவலை: இல்லை.

தங்கை லோகநாயகி காங்கயத்திலிருந்து போன் செய்தாள். அவள் மகள் சிந்துஜாவுக்குச் செப்டம்பர் 8 கல்யாணம். நான் தாய்மாமன். எழுந்து நடக்க முடிந்தால் சீரோடு போய் நிற்க வேண்டியவன். சிந்துஜா போனை வாங்கி, மாமன் காரில்தான் மண்டபத்துக்கு வருவேன், வேறு எந்தக் காரிலும் ஏறமாட்டேன் என்றாள். எட்டு வயதில் சொன்னதை இருபத்துநாலு வயதிலும் சொல்கிறாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு மே மாதமும் அவள் இந்த வீட்டில்தான் இருப்பாள். மரகதத்தின் மடியில் படுத்துத்தான் தூங்குவாள்.

நான் பேசி முடிக்கும்வரை மரகதம் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். அவளும் லோகநாயகியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மஞ்சள் தூள் டப்பா விவகாரம். பெண்கள் சண்டை. இங்கே எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பி.பி. 152/94. காபி காரணமாக இருக்கலாம்.

மெக்கானிக் ஆரோக்கியம் இன்று இன்ஜினைக் கீழே இறக்கிவிட்டான். கியர்பாக்ஸைப் பிரித்து, மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் தலையைக் கழற்றி, வெறும் பிளாக்காக்கி ஒரு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தான். இத்தனை வருஷம் இதன்மேல் உட்கார்ந்து சம்பாதித்திருக்கிறேன். அம்மணமாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பிளாக்கின் பக்கவாட்டில் ஐந்து, பின்புறம் கியர்பாக்ஸ் ஒட்டும் இடத்தில் இரண்டு, ஆக ஏழு வட்ட மூடிகள். பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிது. தகரக் கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்திருக்கும். ஆரோக்கியம் இவற்றை டம்மி என்கிறான். அசையாது, சுற்றாது, வெடிக்காது. உள்ளே ஓடும் தண்ணீர் வெளியே வராமல் ஓட்டையை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் அதன் வேலை. ஏழும் துருப்பிடித்திருக்கின்றன. பின்புறத்து இரண்டு சல்லடையாகிவிட்டன. இன்ஜின் இறங்காமல் அந்த இரண்டையும் தொடவே முடியாதாம்.

மேலே பசை பூசி அடைத்துவிடலாமே, எதற்குக் கழற்ற வேண்டும் என்றேன். ஆரோக்கியம் சிரித்தான். நல்ல பசையெல்லாம் இருக்கிறதே என்று இன்னொரு தரம் சொன்னேன். மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பி.பி. 148/90. நடை பதினைந்து நிமிடம். கவலை: இல்லை.

ஆரோக்கியத்தின் அம்மா உடுமலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவன் பையோடு வந்து, புது டம்மி ஏழையும் மற்ற சின்னச் சாமான்களையும் மேஜைமேல் வைத்தான். எப்போது திரும்புவேன் என்று தெரியாது, மாதக் கடைசியில் ஓடிவந்தால் இரண்டு நாளில் இன்ஜினை ஏற்றிவிடலாம், ஆனால் டம்மி அடித்து பிளாக் தயாராக இருந்தால்தான் அது நடக்கும் என்றான்.

வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் சொன்னாள், "நான் அடிக்கறனுங்க."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மரகதம் பம்புசெட் கம்பெனியில் அசெம்பிளியில் பத்தொன்பது வருஷம் இருந்தவள், போன வருஷம்தான் நின்றாள். சும்மா உட்கார்ந்து தட்டுகிற வேலை என்று நான் அதை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அவன் போன பிறகு, லோகநாயகி வீட்டுக் கல்யாணத்துக்கு நீ ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று கேட்டேன்.

"சிரமம் அவிங்களுக்காக இல்லீங்க. நெஞ்சத் தச்சுட்டு நீங்க பஸ்ஸுல போக முடியாது. புள்ள உங்க கார்லதான் ஏறுவேங்குது. நீங்க போய்த்தான் ஆகோணும். நான் வரமாட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மிட்டாய் ஒன்று. சிஸ்டர் மன்னிக்கவும்.

ஆகஸ்ட் 17, சனி

பி.பி. 144/90. நடை பத்து நிமிடம், பாக்கி நேரம் நாற்காலி.

இன்று பக்கவாட்டு ஐந்தும் வெளியே வந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்வதாக ஏற்பாடு. முதல் டம்மியை நடுவில் ஓங்கி அடிக்கச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்ச் என்னும் இரும்புக் குச்சியை ஒரு ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினாள். அந்த ஓரம் உள்ளே போக, எதிர் ஓரம் வெளியே எழும்பி, மூடி பக்கவாட்டில் திரும்பி நின்றது. கட்டிங் பிளேயரால் பிடித்து உருவி எடுத்துவிட்டாள். நான் சொன்னபடி நடுவில் அடித்திருந்தால் மொத்தமும் உள்ளே போய் விழுந்திருக்கும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

இரண்டாவது முதல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பி.பி. 150/92.

இன்று ஒன்றைப் பார்த்தேன். அதை எழுதத் தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மரகதம் ஒரு ஓட்டைக்குள் டார்ச்சை வைத்து அடித்தாள். அடுத்த ஓட்டையில் வெளிச்சம் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. மேலே தலை உட்காரும் தளத்தில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளிலெல்லாம் வெளிச்சம் குத்தி நின்றது. முழு இரும்புக் கட்டி என்று நான் நினைத்திருந்த சாமான் உள்ளே வீடு மாதிரி இருக்கிறது. நாலு சிலிண்டரைச் சுற்றியும் சந்து, சந்துக்குள் சந்து. நான் ஊட்டி ஏறியபோதெல்லாம், பழனி போனபோதெல்லாம், இந்தச் சந்துகளில் தண்ணீர் நிற்காமல் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாது. கோயில் கர்ப்பகிரகத்தில் திரை விலகும்போது ஒரு கணம் மூச்சு நிற்குமே, அப்படி நின்றது.

இப்படி உள்ளே சந்து சந்தாக எப்படிக் குடைந்தான் என்று கேட்டேன். மரகதம் சிரித்தாள்.

"குடையலீங்க. மொதல்ல இந்தச் சந்துகள எல்லாம் மண்ணுல செஞ்சு உள்ள நிக்க வெப்பாங்க. சுத்தியும் இரும்பக் காச்சி ஊத்துவாங்க. ஆறுனதும் மண்ண ஒதறி எடுத்துருவாங்க. அந்த மண்ணு வெளிய வந்த வழிதான் இந்த ஓட்ட. எங்க பம்பு பாடியும் இப்படித்தான் வரும்."

ஓட்டை என்றால் குறை என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே இருந்ததை வெளியே விட்ட வழியாம். பீளமேட்டுப் பக்கம் எத்தனை பவுண்டரி வாசலில் சவாரிக்காகக் காத்துக்கிடந்திருப்பேன். உள்ளே இந்த அதிசயம் நடப்பது தெரியாமல் பீடி குடித்திருக்கிறேன்.

பிறகு அவள் டார்ச்சைப் பின்புறமாகத் திருப்பினாள். அந்தப் பக்கம் மட்டும் இருட்டு.

"பின்னால ஏதோ அடச்சிருக்குதுங்க" என்றாள்.

துருவாக இருக்கும் என்றேன். இந்தப் போர் தண்ணீருக்குத் துருப்பிடிக்காமல் வேறென்ன செய்யும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு தையல் போட்ட நெஞ்சு, எது எதனால் குறுகுறுக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பி.பி. 164/98. நடை: போர்ட்டிகோ வரை. திரும்பவும் கட்டில் வரை.

மரகதம் சந்தைக்குப் போயிருந்தபோது ஒரு சின்ன உதவி செய்யலாம் என்று சுத்தியலை எடுத்தேன். பின்புறத்து டம்மி இரண்டில் ஒன்றை நானே எடுத்து, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் சுரண்டிச் சுத்தமாக்கி வைத்தால் அவளுக்கு வேலை மிச்சம். வேறு காரணம் இல்லை.

இரண்டு அடி. மூன்றாவது ஓங்கும்போது மார்பில் யாரோ கம்பியைப் பிடித்து இழுத்த மாதிரி வலி. சுத்தியல் வழுக்கி நடுவில் பட்டு, டம்மி மொத்தமாக உள்ளே விழுந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரகதம் காய்கறிப் பையோடு வந்தவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள், சட்டையை விலக்கித் தையலைப் பார்த்தாள், அப்புறம்தான் பிளாக்கைப் பார்த்தாள்.

"அப்படியென்னுங்க அவசரம்?" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். கவலை: இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பி.பி. பார்க்கவில்லை.

காலை பத்து மணிக்கு அவள் பின்புறத்து இன்னொரு டம்மியை முறைப்படி எடுத்தாள். அந்த வழியாக வளைத்த கம்பியை விட்டு, நான் தள்ளிவிட்டதை உள்ளே தேடினாள். தூண்டில் போடுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, விரலால் பார்த்தாள். கால் மணி நேரத்தில் டம்மி வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியும் வந்தது.

வெளியே துருவின் நிறம். அவள் அதை விரலால் அழுத்தினாள். இரண்டாக உடைந்தது. உள்ளே மஞ்சள்.

மூக்கருகே கொண்டுபோனாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு தட்டில் தண்ணீரும் சுண்ணாம்பும் கொண்டுவந்து, கட்டியில் கொஞ்சம் கிள்ளிப் போட்டு, ஆரத்திக்கு ஆலம் கரைக்கிற மாதிரி மோதிர விரலால் கரைத்தாள். தட்டு சிவந்தது. துரு சுண்ணாம்பில் சிவக்காது. அது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அவள் கத்தவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சிவந்த விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மூன்று வருஷம் மறைத்தேன். இனி இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் போடு என்பது லாரிக்காரர்கள் வைத்தியம். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், வழியில் பிழைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு பிடி போட்டேன், நின்றது. நாலு நாளில் மறுபடி ஒழுகியது, மறுபடி ஒரு பிடி. வண்டியைக் கடையில் விட்டால் இரண்டு நாள் சவாரி போகும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் விடியற்காலை ஊட்டி சவாரி. ஒழுக்கு அதிகம். அலமாரியில் இருந்த பெரிய டப்பாவை எடுத்துப் போய் அப்படியே கவிழ்த்தேன்.

அந்த டப்பா மரகதத்தின் அம்மா கொடுத்தது. கொடுமுடியில் தன் காட்டில் விளைந்ததைத் தானே வேகவைத்து, காயவைத்து, அரைத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். மரகதம் அதைச் சமையலுக்குத் தொடுவதில்லை. நல்ல நாளில் முகத்துக்கு ஒரு சிட்டிகை எடுப்பாள், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கவிழ்த்தேன். திரும்பி வந்ததும் கடையில் வாங்கி நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஊட்டியிலிருந்து வரவே நேரமாகிவிட்டது.

அந்த வாரம் லோகநாயகி இங்கே வந்திருந்தாள். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டி வைத்துவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தாள். மரகதம் தோசையைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "வந்தவிங்க பை பெருத்துப்போச்சு, என்ற டப்பா எளச்சுப்போச்சு." லோகநாயகி கையை உதறிவிட்டு எழுந்தாள். எழும்போது என்னை ஒரு தரம் பார்த்தாள். எனக்காகவாவது ஒரு வார்த்தை பேசு என்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன். நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சொல்லியிருந்தால் சிரிப்பாகப் போயிருக்கும். ஒரு வாரம் கழித்து என்றால் சண்டை. ஒரு வருஷம் கழித்து என்றால் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

கவலை: என்ன எழுதுவது.

ஆகஸ்ட் 21, புதன்

பி.பி. 160/96. மரகதம் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. மாத்திரையைத் தட்டருகே வைத்தாள். பிளாக்குக்குள் குழாயை விட்டு நாள் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினாள். முதலில் சேறு, பிறகு மஞ்சள், மூன்று மணிக்குமேல் தெளிந்த தண்ணீர்.

மீதிக் கட்டியை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பி.பி. 150/92.

நேற்றும் இன்றும் டம்மி அடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை, பார்த்தது என் வீட்டுக்குள்.

முதலில் ஓட்டையின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தாள், விரல் நுனியால் தடவினாள், மறுபடி தேய்த்தாள். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வருமாம். பசையை விபூதி பூசுகிற மாதிரி மெலிதாகப் பூசினாள். புது டம்மியை விளிம்பில் வைத்து, அதன் குழிக்குள் சரியாக உட்காரும் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் குமிழை வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து நேர் பார்த்தாள். அப்புறம் சுத்தியல். ஓங்கி அடிக்கவில்லை. டொக், டொக், டொக் என்று ஒரே அளவு. ஏழாவது எட்டாவது அடியில் சத்தம் மாறி, டங் என்று பிளாக் முழுவதும் சேர்ந்து பேசியது. அந்த நொடி கையை நிறுத்திவிட்டாள். விரலை வைத்துப் பார்த்தாள். விளிம்புக்கு உள்ளே நூல் அளவு இறங்கியிருந்தது. ஏழும் அதே அளவு. அளவுகோலே எடுக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் ஒரு நாளைக்கு நூறு பேரிங் வீதம் உட்கார வைத்த கை. சும்மா தட்டுகிற வேலை என்று கேலி செய்த என் வாயை என்ன செய்வது.

ஏழாவது உட்கார்ந்ததும் நான் சொன்னேன், மரகதம், நான் செய்தது தப்பு என்று. மூன்று நாளைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"டப்பாவ எடுத்தது போச்சாதுங்க, அத உட்டுரலாம். கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். அவிங்க மேல நான் பழி போட்டப்ப நீங்க எதுத்தாப்புல உக்காந்து தோச தின்னுட்டு இருந்தீங்க. என்ற வாயால ஒரு பொய்யச் சொல்ல வெச்சுட்டீங்க."

சுத்தியலைத் துணியில் துடைத்து உறையில் போட்டாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பி.பி. 142/88. நடை இருபது நிமிடம்.

பிளாக்கின் மேலே, தலை சரியான இடத்தில் உட்காருவதற்கு இரண்டு குட்டி ஊசிக் குழல்கள். சுண்டுவிரல் நகம் அளவு. பழையதை எடுத்துப் புதியதைத் தட்டினாள். இருபது கிலோ தலை இந்த இரண்டையும் நம்பித்தான் இறங்குமாம். எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது பிரமிப்பாக இருக்கிறது. சிஸ்டர் கொடுத்த மாத்திரையின் வேலையோ என்னவோ.

ஆகஸ்ட் 28, புதன்

பி.பி. 158/94.

காலை ஏழு மணிக்கே மரகதம் பட்டுப்புடவையில் கிளம்பினாள். எங்கே என்று கேட்டதற்கு, சோறு டேபிள்மேல் இருக்குதுங்க என்றாள். மாலை ஐந்துக்குத் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு பை நிறையக் கல்யாண முறுக்கு.

ஆறு மணிக்கு லோகநாயகி போன் செய்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கை பஸ் ஏறி வந்தாங்கண்ணா, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, மஞ்சள் வேற எங்கேயும் போகல, நானே வேற டப்பால மாத்திப் பரண்மேல வெச்சுட்டு மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ அம்மிணின்னு சொன்னாங்க என்றாள். சொல்லிவிட்டுப் போனில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். நான் பேச வேண்டிய இடம் அது.

அப்படியா என்றேன். போனை வைத்தேன்.

என் தங்கைக்கு முன்னால் என் பேர் கெடக்கூடாது என்று மரகதம் தன்னை மறதிக்காரியாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் செய்த தப்புக்கு அவள் பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் மறுபடியும் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பி.பி. 140/86.

ஆரோக்கியம் சொன்னபடி சனிக்கிழமையே வந்துவிட்டான். பிளாக்கைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டம்மியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, என் கடைக்கு வந்துடுங்கக்கா என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்று மதியம் இன்ஜின் ஓடியது. ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றும்வரை மரகதம் பக்கத்திலேயே நின்றாள், நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று. அரை மணி நேரம் ஓடவிட்டோம். தரையில் படுத்துப் பார்த்தான் ஆரோக்கியம். ஒரு சொட்டு இல்லை. பேசினைக் கழுவிக் குளியலறையில் வைத்துவிட்டாள்.

அப்புறம் ஆலத் தட்டோடு வந்தாள். தட்டில் செக்கச் செவேலென்று தண்ணீர். சமையலறை மேடையில் அந்தக் கிண்ணம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். அவள் அம்மா அரைத்த மஞ்சள், மூன்று வருஷம் என் இன்ஜினில் வெந்து, கடைசியில் தட்டுக்கு வந்திருக்கிறது. காரைச் சுற்றினாள். என்னையும் காரோடு நிற்கச் சொல்லி என்னையும் சேர்த்துச் சுற்றினாள். நெற்றியில் தொட்டு வைத்தபோது விரல் சில்லென்று இருந்தது. சாமி கும்பிடுகிறவன்தான் நான், ஆனால் எதிரே சாமி நிற்பதாக எனக்குத் தோன்றியது இன்றைக்குத்தான்.

பழைய டம்மிகளில் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். நான் உள்ளே தள்ளிவிட்ட அதே டம்மி.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று எழுதவில்லை. கல்யாணம்.

விடிந்ததும் ஆரோக்கியம் காரை ஓட்ட, முன் சீட்டில் நான், பின்னால் சீர்த் தட்டுகளோடு மரகதம். காங்கயத்தில் சிந்துஜா ஓடிவந்து முதலில் கட்டிக்கொண்டது மாமனை அல்ல, அத்தையைத்தான். மூன்று மே மாதங்களுக்கும் சேர்த்து அழுதாள். பூ வைத்த தலையோடு அவள் பின் சீட்டில் ஏற, மாமன் கார் மண்டபத்துக்குப் போனது. வெப்பக்காட்டி முள் பாதியைத் தாண்டவில்லை.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குப் போன பிறகு, மணமகள் அறையில் லோகநாயகி தனியாக நகைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மரகதமும் அங்கே புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம், இருக்கட்டும், இருவரும் கேட்கட்டும் என்று உள்ளே போனேன்.

கைக்குட்டையைப் பிரித்து டம்மியை லோகநாயகி உள்ளங்கையில் வைத்தேன். துருப்பிடித்த கிண்ணம், அதன் குழியில் மஞ்சள் காய்ந்து கிடந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள்.

"மஞ்சள் பரண்மேல கெடைக்கல அம்மிணி. இங்கதான் கெடைச்சுது. நான்தான் கொட்டுனேன்" என்றேன். இவ்வளவுதான். மூன்று வருஷமாகச் சொல்ல முடியாதது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

லோகநாயகி ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியுமுங்ண்ணா. அன்னைக்கு விடியால நான் சன்னல்லதான நின்னுட்டு இருந்தேன். நீங்க டப்பாவக் கவுத்துனதப் பாத்தேன்."

 பார்த்திருந்தும் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நங்கை கேட்டப்ப உங்களப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. நான் சொன்னா நங்கை முன்னால உங்க மானம் போயிருமே. சரி, நாளைக்குச் சொல்லுவாரு, பொங்க நோம்பிக்குச் சொல்லுவாருன்னு இருந்துட்டேன்."

மரகதம் புடவை மடிப்பை நிறுத்தவில்லை. அவளைக் காட்டி லோகநாயகி என்னிடம் சொன்னாள், "அன்னைக்கு இவிங்க வந்து பரண்மேல இருந்துச்சுன்னு சொன்னாங்க பாருங்க, அப்பவே இவிங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்கறதும் இவிங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் உங்க பேர எடுக்காமயே பொழுதுக்கும் அழுதோம்."

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் மறைத்துவிட்டேன், நான் மறைத்துவிட்டேன் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. ஒருத்தி திருடி என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் என்னை மூடினாள். இன்னொருத்தி மறதிக்காரிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கம் மூடினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மரகதம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்தாள். பந்தியில் என்னை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்தார்கள். இலையில் தோசை இல்லை. இருந்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

இன்று காலை பி.பி. 126/80. நடை இருபத்தைந்து நிமிடம். மாத்திரை ஏழு.

வரும் வியாழன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஷைனி சிஸ்டர் நோட்டைக் கேட்பார். ஆகஸ்ட் 6 முதல் 'கவலை: இல்லை' என்று எழுதிய இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுக்கப் போகிறேன்.